நல்ல சிம் மோட்டாரில் இருந்தது

என் போனில் இருந்த நல்ல சிம்மைக் கழற்றி மோட்டாருக்குப் போட்டவன் நான்தான். இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றது விளங்கும்.

எங்கள் வயல் பட்டுக்கோட்டைக்கு வடக்கே, ஊரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. போர் மோட்டார் வைத்திருக்கிறேன். மூன்று பேஸ் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதற்காக மோட்டார் கொட்டகைக்குள் செல்போன் ஸ்டார்ட்டர் என்று ஒரு பெட்டி மாட்டியிருக்கிறது. பெட்டிக்குள் ஒரு சிம் இருக்கும். வீட்டில் இருந்தபடி அந்த நம்பருக்கு ரிங் கொடுத்தால் மோட்டார் ஓடும். மறுபடி ரிங் கொடுத்தால் நிற்கும். விலை கூடின பெட்டியில் நம் நம்பருக்கு மட்டும் கேட்கும்படி வைக்கலாமாம். என்னுடையது விலை குறைந்தது. யார் கூப்பிட்டாலும் ஓடும்.

இந்தக் கோடையில் பெட்டியின் சிம்முக்கு வயல் பக்கம் சிக்னல் எடுக்காமல் போனது. ஊருக்குள் எடுக்கிறது, வயலில் இல்லை. நாற்றங்கால் விட்டிருந்த நேரம். என் போனில் இருந்தது வேறு கம்பெனி சிம். அதற்கு வயலில் நன்றாக எடுக்கும். இரண்டையும் மாற்றிப் போட்டேன். மோட்டார் ஓடியது. வயலுக்கு வந்தால் என் போன் செத்துவிடும் என்று தெரியும். வயலில் நானே நிற்கும்போது மோட்டாரைக் கையால் போட்டுக்கொள்கிறேன், போன் எதற்கு என்று இருந்துவிட்டேன். சந்தைக்குப் போகும்போது வேறு சிம் வாங்கிக்கொள்ளலாம் என்று யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவி லூர்துவிடமும் சொல்லவில்லை.

மறுநாள்தான் அது நடந்தது.

விடியும்போதே நெஞ்சில் ஒரு பாரம். குத்துகிற வலி இல்லை. நெல் மூட்டையைக் கொண்டுவந்து நெஞ்சில் இறக்கின மாதிரி இருந்தது. தாடை வரைக்கும் இழுத்தது. முதல் நாள் சாப்பிட்ட மொச்சைக் குழம்பு வேலை காட்டுகிறது என்று நினைத்தேன். லூர்துவிடம் சொன்னால் வயலுக்கு விடமாட்டாள். நாற்றங்காலில் தண்ணீரை வடித்து உரம் போட வேண்டிய நாள். வாயைத் திறக்காமல் போய்விட்டேன்.

வெயில் ஏறின பிறகு லூர்து கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தாள். நான் கொட்டகை நிழலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

"ஏங்க, என்ன இப்புடி வேர்த்துக் கொட்டுது?"

"வெயிலு."

"நெழல்ல உக்காந்துக்கிட்டு வெயிலுங்கிறீங்க. கை ஏன் நெஞ்சைப் புடிச்சிருக்கு?"

"வாயு."

அதற்குள் வாந்தி வந்தது. வாந்தி நின்றபின் எழுந்திருக்கப் பார்த்தேன். கால் கேட்கவில்லை. இடது கை கனத்துத் தொங்கியது. லூர்து என் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தாள். திருப்பூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஸ்டெல்லாவுக்குப் போட்டாள். போகவில்லை. பக்கத்து வயல் காளிமுத்துவுக்குப் போட்டாள். போகவில்லை.

"சிக்னல் கோடே இல்ல. போனைத் தண்ணில போட்டீங்களா?"

"அணைச்சுப் போடு" என்றேன். சிம்மை மாற்றினதைச் சொல்ல வாய் வரவில்லை.

அணைத்துப் போட்டாள். வரவில்லை. ஸ்டெல்லா சொல்லிக்கொடுத்திருந்தபடி விமானப் படத்தை அழுத்தி, கொஞ்சம் பொறுத்து, மறுபடி அழுத்தினாள். வரவில்லை. தாலிச் சங்கிலியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, போனின் ஓட்டையில் குத்தி, சிம்மை வெளியே எடுத்து, முந்தானையில் துடைத்துத் திரும்பப் போட்டாள். வரவில்லை. வரப்பின் மேல் ஏறிக் கையைத் தூக்கிப் பிடித்தாள். ஒன்றும் இல்லை. நான் மேட்டுப் பக்கம் போகலாம் என்று சுவரைப் பிடித்து எழுந்தேன். கொஞ்சம் நடந்ததும் கண் இருட்டியது.

"உக்காருங்க அப்படியே! ஒரு எட்டு வெச்சீங்கன்னா பாருங்க!"

உட்கார்ந்தேன். அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவசர அழைப்புகள் மட்டும்னு போட்டிருக்கே?"

"சிக்னல் இல்லன்னா அப்புடித்தான் போடும். ஒண்ணுக்கும் ஆவாது."

"அவசரம்னுதானே எழுதியிருக்கு? நாம என்ன விருந்துக்கா கூப்புடுறோம்?"

நூற்றெட்டு அழுத்தினாள். எங்கள் போனில் அது போகவில்லை. பஸ்ஸின் பின்னால் எழுதியிருந்த நூற்றுப்பன்னிரண்டு அவள் ஞாபகத்தில் இருந்தது. அதை அழுத்தினாள். ரிங் போனது.

நான் நம்பவில்லை. எதிர்ப்பக்கம் ஆள் பேசும் வரைக்கும் நம்பவில்லை. பின்னால் ஸ்டெல்லா விளக்கிச் சொன்னாள். நம் கம்பெனி டவர் இல்லாத இடத்திலும் வேறு கம்பெனி டவர் எட்டினால், அந்த ஒரு நம்பருக்கு மட்டும் அவர்கள் வழி விடுவார்களாம். போனில் அப்படி எழுத்து வந்தால் அதற்கு அர்த்தம் அதுதான். இவ்வளவு காலம் அதைப் போன் போடுகிற சாக்கு என்று நினைத்திருந்தேன்.

எடுத்தது போலீஸ் கட்டுப்பாட்டு அறை. லூர்து பயந்துபோனாள்.

"ஐயோ, போலீஸ் வேணாம்ங்க. நாங்க ஒண்ணும் பண்ணலங்க. எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி. ஆம்புலன்ஸ்தான் வேணும்."

"பயப்படாதீங்கம்மா. நாங்களே ஆம்புலன்சுக்கு லைன் தர்றோம். கட் பண்ணாதீங்க."

அடுத்து ஒரு பெண் குரல் பேசியது.

"எந்த இடம்மா?"

"பிள்ளை வாய்க்கால்ல ரெண்டாம் மதகு தாண்டி, பெரிய பங்குன்னு சொல்லுவாங்க."

"ஊர், தாலுகா சொல்லுங்கம்மா."

சொன்னாள்.

"எந்தத் தெரு?"

"தெருவா? வயலுங்க இது. வாய்க்கால் பேரு சொன்னா தெரியாதா உங்களுக்கு?"

"நான் தூரத்துல இருக்கேம்மா. ரோட்டுலேர்ந்து பாத்தா தெரியிற மாதிரி கோயில், பள்ளிக்கூடம், ஏதாவது சொல்லுங்க."

"அந்தோணியார் குருசடி இருக்குங்க, ரோட்டோரமா. அங்கேர்ந்து கெழக்க கப்பி ரோடு."

"சரிம்மா. வலி எப்ப ஆரம்பிச்சுது?"

"இப்பத்தாங்க, நான் வந்தப்ப..."

"விடியக்காலம்" என்றேன் நான்.

லூர்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு போனில், "விடியக்காலம்ங்கிறாரு" என்றாள்.

"இந்த போன் நம்பர் எங்களுக்குக் காட்டலம்மா. டிரைவர் கூப்பிட ஒரு நம்பர் சொல்லுங்க."

லூர்துவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் என் நம்பர் ஒன்றுதான். அதைச் சொன்னாள். நான் கையை ஆட்டினேன். வலியில் ஆட்டுகிறேன் என்று நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் லைன் கட்டாகிவிட்டது.

"அது மோட்டார் நம்பர்" என்றேன்.

"என்னது?"

"சிம்மை மாத்திட்டேன். நேத்து."

"மாதாவே!" என்று தலையில் கை வைத்தாள். திரும்ப அந்த நம்பரை அழுத்தினாள். இந்தத் தடவை லைன் கிடைக்கவில்லை. அழுத்திக்கொண்டே இருந்தாள். பெட்டியைத் திறந்து சிம்மை எடுக்கட்டுமா என்றாள். கரண்ட் இருந்தது. தொடாதே என்று தலையை ஆட்டினேன்.

எவ்வளவு நேரம் போனது என்று தெரியாது. கொட்டகைக்குள் டக்கென்று சத்தம் கேட்டது. மோட்டார் ஓடியது. குழாயில் தண்ணீர் வந்து விழுந்தது. நாங்கள் யாரும் போடவில்லை. கொஞ்சம் கழித்து நின்றது. மறுபடி ஓடியது, நின்றது.

லூர்து குழாயைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அவங்கதாங்க! டிரைவர் கூப்புடுறாரு! வழி தெரியாம நிக்கிறாங்க!"

என்னை விட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடவும் அவளால் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அப்போது காளிமுத்துவின் குரல் கேட்டது. அவன் தன் வயலின் அந்தக் கோடியில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

"யோவ் சூசை! மோட்டாரை வெச்சு வெளையாடுறியா? போட்டுப் போட்டு நிறுத்தினா மோட்டார் காயில் பொகைஞ்சுரும்யா!"

"அண்ணே!" என்று லூர்து கத்தினாள். "இவருக்கு நெஞ்சு வலிண்ணே! குருசடிகிட்ட ஆம்புலன்ஸ் நிக்கிது! ஓடுங்கண்ணே!"

காளிமுத்து மண்வெட்டியைப் போட்ட இடத்தைப் பிறகு தேடித்தான் கண்டுபிடித்தானாம். அப்படி ஓடியிருக்கிறான்.

அவனும் ஆம்புலன்ஸ் ஆட்கள் இரண்டு பேரும் என்னைத் தூக்குபலகையில் வைத்து வரப்பு வழியாகத் தூக்கி வந்தார்கள். வரப்பு ஒரு ஆள் நடக்கத்தான் காணும். ஒரு பக்கம் நாற்றங்கால்.

"நாத்தை மிதிக்காம வாங்க" என்றேன்.

"வாயை மூடிக்கிட்டுப் படுய்யா" என்றான் காளிமுத்து.

வண்டிக்குள் மாத்திரைகளைக் கொடுத்து, விழுங்க வேண்டாம், மென்று தின்னுங்கள் என்றார்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கிற மாத்திரை. மூக்கில் காற்றுக் குழாய் வைத்தார்கள். லூர்து கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். காலில் சேறு காயவில்லை. 

பட்டுக்கோட்டை ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். நெஞ்சிலும் கை காலிலும் ஒயர் ஒட்டி, இருதயம் ஓடுகிற விதத்தைத் தாளில் கோடாக இழுக்கிற படம் அது. டாக்டர் சின்ன வயசுப் பெண். கோட்டைப் பார்த்துவிட்டுக் குனிந்து சொன்னார்.

"ஐயா, இது வாயு இல்ல. ஹார்ட் அட்டாக். இருதயத்துக்கு ரத்தம் போற குழாயில ஒண்ணு அடைச்சிருக்கு. கட்டியைக் கரைக்கிற ஊசி போடுறேன். அசையாம இருங்க."

அடைத்த குழாய் என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. தலைமதகில் குப்பை அடைத்தால் கடைசி வயலில் பயிர் காயும். அதுதான். ஊசி மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. இறங்க இறங்க மூட்டையை யாரோ நெஞ்சிலிருந்து இறக்கின மாதிரி இருந்தது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. வலி இருந்த வரைக்கும் பயப்பட நேரம் இல்லை.

அங்கிருந்து தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இருதய வார்டில் படுக்க வைத்தார்கள். கூட இருக்க ஆளை விடமாட்டார்கள். பார்க்கிற நேரத்துக்கு மட்டும் வரலாம். லூர்து வெளியே வராந்தாவில் பாய் வாங்கிப் போட்டுக்கொண்டாள். அங்கே எல்லாரும் அப்படித்தான். ஒவ்வொரு பாயும் உள்ளே படுத்திருக்கும் ஒரு ஆளுக்கு.

மறுநாள் பெரிய டாக்டர் வந்தார். எக்கோ எடுத்தார்கள். நெஞ்சில் பசை தடவி, ஒரு கருவியை வைத்து அழுத்தி, இருதயம் அடித்துக்கொள்வதைத் திரையில் பார்க்கிறார்கள். வலி கிடையாது. லூர்துவையும் உள்ளே கூப்பிட்டு டாக்டர் சொன்னார்.

"ரத்தம் போகாம இருந்தா இருதயச் சதை கொஞ்சம் கொஞ்சமா செத்துப்போகும். செத்தது திரும்ப வராது. உங்களுக்கு ஒரு பக்கம் சதை அடிபட்டிருக்கு. பம்பிங் குறைஞ்சிருக்கு. விடியக்காலமே வந்திருந்தா இவ்வளவு போயிருக்காது."

"இனிமே வயல் வேலை செய்யலாங்களா?" என்று கேட்டேன்.

"முதல்ல பிழைச்சு வீட்டுக்குப் போங்க. மீதிச் சதை எவ்வளவு தேறுதுன்னு பார்த்துட்டுச் சொல்றேன்."

டாக்டர் போன பிறகு லூர்து என் கட்டிலருகே நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"அந்த மோட்டார் தேவலாம்" என்றாள். "கூப்புட்டா பதில் சொல்லுது."

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். அன்று மாலை பார்க்கிற நேரத்துக்கும் வந்தாள். தலையணையைச் சரி செய்தாள், வெந்நீர் கொடுத்தாள், பேசவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் அவளோடு இருந்திருக்கிறேன். பேசாமல் இருப்பது என் வேலை. அதை அவள் செய்தபோதுதான் பக்கத்தில் இருப்பவருக்கு அது எப்படி இருக்கும் என்று தெரிந்தது.

பக்கத்துக் கட்டிலில் கூத்தாநல்லூர் முஸ்லிம் பெரியவர் ஒருவர். பேச்சுக்குக் குறைவில்லாத மனுஷர்.

"உங்களுக்கு எத்தனை அடைப்பு?"

"ஒண்ணு."

"ஒண்ணுதானா? எனக்கு மூணு. ஒண்ணுக்கே இப்புடி மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் நெஞ்சு வலிக்குமோ என்று பாதியில் நிறுத்தினேன். அதைப் பார்த்து அவர் சிரித்தார். அவர் வீட்டுக்காரம்மா தினமும் கொண்டுவரும் பிளாஸ்க் கஞ்சியில் எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. உப்பு இல்லாத கஞ்சி. வராந்தாவில் லூர்துவுக்கும் அந்தம்மாவுக்கும் பழக்கமாகி, ஒருவர் குளிக்கப் போனால் மற்றவர் பாயைப் பார்த்துக்கொண்டார்கள்.

இரவுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கருவிகள் ஒன்று மாற்றி ஒன்று சத்தம் போடும். எதிர்க்கட்டில் ஒரு விடியலில் காலியாக இருந்தது. துணியை மாற்றி வேறு ஆளைப் படுக்க வைத்தார்கள். 

ஸ்டெல்லா திருப்பூரிலிருந்து வந்து காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு அங்கும் இங்கும் அலைந்தாள். செலவு அதில் அடங்கிவிடும் என்று தெரிந்த பிறகு எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது.

காளிமுத்து ஒரு நாள் பார்க்க வந்தான். சட்டை போட்டு, தலை வாரி வந்திருந்தான்.

"உன் மேல ஊர் உலகத்துக்கு இம்புட்டுப் பாசம்னு எனக்குத் தெரியாதுய்யா" என்றான்.

"ஏன்?"

"உனக்கு முடியலன்னு தெரிஞ்சு அத்தனை பேரும் உன் நம்பருக்கு அடிச்சிருக்கான். உன் பெரியம்மா மவன் அடிக்கிறான், மோட்டார் ஓடுது. உன் மச்சினன் அடிக்கிறான், நிக்கிது. பூசைக்கு வந்த பங்குச் சாமியார் அடிக்கிறாரு, ஓடுது. அதுக்கப்புறம் யாரும் அடிக்கல. ராத்திரி பூரா ஓடி உன் நாத்தங்கால் குளமாக் கெடந்துச்சு."

"நாத்து?"

"வடிச்சு விட்டுட்டேன். பெட்டி ஒயரையும் புடுங்கிட்டேன். பொழைச்சுக்கும். நீயும் பொழைச்சுக்க."

ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். லூர்துவும் சிரித்தாள். அவள் சிரித்ததும் எனக்குக் கண் கலங்கியது. கூரையைப் பார்த்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்து ஆஞ்சியோ. மணிக்கட்டில் மரத்துப்போகும் ஊசி போட்டு, அங்கே உள்ள இரத்தக்குழாய் வழியாக மெல்லிய ஒயரை இருதயம் வரைக்கும் விடுகிறார்கள். சாயம் செலுத்தி, எங்கே அடைப்பு என்று படத்தில் பார்க்கிறார்கள். ஆள் முழிப்போடுதான் இருக்க வேண்டும். சாயம் போகும்போது உடம்பு முழுக்கச் சூடு பரவும். அடைத்த இடத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். பேனா ஸ்பிரிங் மாதிரி சின்ன வலைக்குழாய். குழாய் மறுபடி மூடிக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்து நிற்கும். கையெழுத்துக் கேட்டபோது லூர்துதான் போட்டாள். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு விட்டாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது கனம் தூக்கக் கூடாது, மாத்திரையை ஒரு வேளையும் விடக் கூடாது, சேற்றில் இறங்குவதைப் பற்றி மறுபடி எக்கோ பார்த்த பிறகுதான் பேச்சு என்றார்கள். நடவு என் கை படாமல் நடந்தது. நான் கட்டிலில் கிடந்தேன்.

ஒன்று சொல்கிறேன், வயலில் தனியாக நிற்கிறவர்களுக்காக. சிக்னல் இல்லையென்றால் அணைத்துப் போடுங்கள், விமானப் படத்தை அழுத்திப் பாருங்கள், அதிலேயே நேரத்தைப் போக்காதீர்கள். அவசர அழைப்புகள் மட்டும் என்று வந்தால் நூற்றுப்பன்னிரண்டை அழுத்துங்கள். அப்படிக் கூப்பிட்ட போனுக்கு அவர்களால் திரும்பக் கூப்பிட முடியாது. அதனால் சிக்னல் இருக்கிற வேறு ஆளின் நம்பரைக் கொடுங்கள். வாய்க்கால் பெயரைச் சொல்லாதீர்கள். ரோட்டிலிருந்து தெரிகிற ஒன்றைச் சொல்லுங்கள். நெஞ்சு பாரமாக இருந்தால் நடக்காதீர்கள்.

குறுவை கதிர் பழுத்த சமயம் மறுபடி தஞ்சாவூர் போனோம். டாக்டர் திரையை வெகு நேரம் பார்த்தார்.

"மீதி நல்லாவே தேறியிருக்கு. செத்தது செத்ததுதான். வயலுக்குப் போங்க. மூட்டை தூக்காதீங்க. மூச்சு வாங்கினா நில்லுங்க. வலிச்சா யார்கிட்டயாவது சொல்லுங்க."

லூர்து என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த இருதயப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறுவடை மிஷின் வந்த அன்று இரண்டு பேரும் வயலுக்குப் போனோம். லூர்து சாப்பாட்டுக் கூடையோடு முன்னால் நடந்தாள். நான் பின்னால். மதகு தாண்டி வரப்பில் ஏறும்போது மூச்சு இரைத்தது. மிஷின் சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்ச தூரம்தான். போய்விடலாம் என்று தோன்றியது. அவள் நடந்துகொண்டே இருந்தாள்.

"லூர்து."

நின்றாள்.

"மூச்சு வாங்குது."

கூடையை வரப்பில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"வலி இருக்கா?"

"வலி இல்ல. மூச்சுதான்."

"உக்காருங்க."

உட்கார்ந்தேன். பக்கத்தில் அவளும் உட்கார்ந்தாள். மிஷின் அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பியது.  மூச்சு சீரானதும் நானே சொன்னேன்.

"இப்ப போவலாம்."